இருநூறு வீதம்

ஒட்டுசுட்டான் சந்தியில்
உரக்கடைக்கும் சலூனுக்கும் நடுவில்
என் போட்டோக்கொப்பி மெசின்.
இருபத்தைந்து வீதம்வரை சுருக்கும்,
நானூறுவரை பெருக்கும்.
அதற்கு மேல் கேட்டால்
சிவப்பு லைற்றைப் போட்டு முறைக்கும்.

பள்ளி விட்ட கையோடு நிலக்சனா வந்தாள்.
தரம் எட்டு. சட்டையில் நீல மை.
"அக்கா, இந்த முக்கோணியை
இரண்டு மடங்காக்கித் தாங்கோ.
நாளைக்கு அளவிடைக் காரணி ஒப்படை.
அடிமட்டம் முறிஞ்சு போச்சு."

கணக்கில் நான் இரண்டு தரம் கோட்டை விட்டவள்.
கண்ணாடியின் நட்டநடுவில் கொப்பியைக் கவிழ்த்து
இருநூறை அமத்தினேன்.
ஒரு முனை மட்டும் வந்தது.
மீதி முக்கோணி
தாளுக்கு வெளியே எங்கேயோ
விழுந்து போயிருந்தது.

"மூலைதான் அக்கா இதுக்கு மையம்.
மூலையிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்கிறியளோ
அந்தத் தூரமும் இரண்டு மடங்காகும்."

அடையாள அட்டைகளை
நாள் முழுக்க நூறில் எடுக்கிற கை இது.
நூறில் எதுவும் பெருக்காது,
எதுவும் நகராது.
மூலை என்று ஒன்று இருப்பதே
மறந்து போகும்.

தள்ளி வைத்தேன். முழுசாய் வந்தது.
சின்னதின் முனையைப்
பெரியதின் முனைமேல் வைத்துப் பார்த்தாள்:
பொருந்தியது.
பக்கங்கள்தான் ஓடிப் போயிருந்தன,
கோணம் இருந்த இடத்திலேயே.
பிறகு பெரியதை வெட்டி மூன்று மடிப்பு மடித்தாள்,
உள்ளே நாலு சின்னது.
"இரண்டு மடங்கெண்டுதானே கேட்டனி?
நாலு இருக்குது. காசை எப்பிடி வாங்கிறது?"
சிரித்தாள். பதில் சொல்லவில்லை.

அந்த நேரம்தான் தெய்வேந்திரம் அண்ணை,
ஹெல்மெற்றைக் கழற்றாமலே,
பால்மாப் பையுக்குள்ளிருந்து
ஒரு காணிப் படத்தை எடுத்து நீட்டினார்.
நகலின் நகல்.
ஒரு கோடு. இங்காலே காணி, அங்காலே காடு.
கோட்டில் ஒரு புள்ளி.
"என்ர கிணறு பிள்ளை.
எந்தப் பக்கம் நிக்குதெண்டு
பெருப்பிச்சுக் காட்டு."

இப்போது எனக்குத் தெரியும்.
புள்ளியை மூலைக்கு ஒட்டி வைத்து
இருநூறு.
கோடு தடித்தது.
நானூறு.
கோடு மாட்டுவண்டிப் பாதையானது,
புள்ளி வண்டிச் சில்லானது,
சில்லு பாதையின் நடுவிலேயே நின்றது.

"இன்னும் ஏலாதோ?"
"ஏலாது அண்ணை.
கிணறு பெருத்தால் கோடும் பெருக்குது."

நிலக்சனா முறிந்த அடிமட்டத் துண்டை
அவருடைய பழைய தாளில் வைத்தாள்.
கோட்டின் தடிப்பு அரை மில்லிமீற்றர்.
ஓரத்தில் ஒன்றுக்குப் பத்தாயிரம் என்றிருந்தது.
உள்ளங்கையில் பெருக்கினாள்.
"ஐஞ்சு மீற்றர், மாமா.
இந்தக் கோட்டின்ரை அகலம் ஐஞ்சு மீற்றர்."

அவர் சந்தியைப் பார்த்தார்,
ஐந்து மீற்றர் எதுவரை வருமென்று
கண்ணால் அளந்தபடி.
சலூன் வாசல்வரை வந்திருக்கும்.
"அப்ப அதுக்குள்ள
கிணறும் துலாவும்
ரெண்டு தென்னையும் நிக்கலாம்," என்றார்.
"நான்கூட நிண்டு குளிக்கலாம்."

அவள் இன்னும் பெரிய தாளையே பார்த்தபடி:
"அக்கா, இதிலையும் பத்தாயிரமெண்டுதான் கிடக்குது.
நாங்கள் நாலு மடங்காக்கிப் போட்டம்.
இப்ப ரண்டாயிரத்து ஐந்நூறு.
இது பொய்."
உண்மைதான்.
எழுத்துகளும் நாலு மடங்கு பெருத்து
அதே இலக்கத்தைச்
சத்தமாய்ச் சொல்லிக்கொண்டிருந்தன.
பேனையால் வெட்டி
சரியான எண்ணை அவளே எழுதினாள்.

தெய்வேந்திரம் அண்ணை படத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்தார்.
உரக்கடையில் அளவு நாடா இருக்குமோ என்று கேட்டார்.
இல்லை. முள்ளியவளைக்குத்தான் போகவேண்டும்.
மோட்டார்சைக்கிள் இரண்டாம் உதையில் கிளம்பியது.

இரவு கணக்கெழுத
வீணாய்ப் போன தாளைத் திருப்பினேன்.
இருநூறில் ஒன்று, பிழை.
இருநூறில் ஒன்று, நிலக்சனா, கடன்.
நானூறில் ஒன்று, காசு வாங்கவில்லை.
தாளின் மறுபக்கத்தில் அந்த ஒற்றை முனை
வெளியே எங்கோ கிடக்கும் இரண்டு முனைகளை நோக்கி
நேராய்ப் போய்க்கொண்டிருந்தது.